ஆர்வி கூரைக்கு எந்தப் பூச்சு: அக்ரிலிக்கா, சிலிக்கோனா, திரவ ரப்பரா?

படுக்கைக்கு மேலே, கூரையும் சுவரும் சேரும் மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தேநீர்க் கறை. போன வசந்தத்தில் ஹூஸ்டனில் மூன்று நாள் விடாமல் மழை பெய்து ஓய்ந்த பிறகு எங்கள் டிராவல் டிரெய்லரின் (வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும், தங்கிப் பயணிக்கும் ஆர்வி வகை வண்டி) கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டது அதுதான். விரலால் அழுத்திப் பார்த்தேன். நமுத்த அப்பளம் மாதிரி உள்ளே போனது. 2013 மாடல், பழையதாக வாங்கியது, குழந்தைகள் அதை இரண்டாவது வீடு என்றே சொல்வார்கள். அன்று இரவே கூரைக்கு அடிக்க என்ன பூச்சு நல்லது என்று தேட உட்கார்ந்துவிட்டேன்.

அது அவசரம். முதலில் கேட்க வேண்டியது தண்ணீர் எங்கே இறங்குகிறது என்பதை.

மறுநாள் ஏணி வைத்து ஏறினேன். கூரையின் நடுப்பரப்பில் ஓட்டை எதுவும் இல்லை. ரப்பர் தேய்ந்து, மேல் வெள்ளை உதிர்ந்து, அங்கங்கே அடிக் கறுப்பு தெரிந்தது, அவ்வளவுதான். தண்ணீர் புகுந்த இடம் முன்பக்க விளிம்பு. அங்கே குறுக்காக ஓடும் அலுமினியப் பட்டையின் மேல் தடவியிருந்த சீலன்ட் என்ற அடைப்புப் பசை, கோடையில் குளத்து மண் வெடிப்பது போல வெடித்துக் கிடந்தது. ஆர்வி கூரைகள் பெரும்பாலும் இப்படித்தான் ஒழுகுகின்றன. ஓரப் பட்டை, காற்றுப்போக்கி, ஸ்கைலைட், கழிவுத் தொட்டிக் குழாயின் தொப்பி, ஆன்டெனா, ஸ்க்ரூ தலை என்று தொழிற்சாலையிலேயே போட்ட ஓட்டைகள் ஒரு கூரையில் பத்துப் பதினைந்து இருக்கும். அந்த ஓட்டைகளைக் காப்பது லாப் சீலன்ட், கூரை இணைப்புகளின் மேல் தடவும் சீலன்ட். பூச்சின் வேலை வேறு: வெயிலும் புற ஊதாக் கதிரும் ரப்பரைத் தின்னாமல் தடுப்பது. வெடித்த சீலன்ட் மேல் பூச்சை அடித்தால், வண்டி நெடுஞ்சாலையில் குலுங்கியதும் அதே வெடிப்பு பூச்சையும் பிளந்துகொண்டு மேலே வரும்.

ஏசி மட்டும் தனிக் கதை. அது உட்கார்ந்திருப்பது 14 அங்குலத்துக்கு 14 அங்குலச் சதுர ஓட்டையின் மேல். இடையில் ஒரு நுரை கேஸ்கெட், அதாவது இடுக்கை அடைக்கும் பட்டை. உள்ளேயிருந்து நான்கு போல்ட் இறுக்கி அதை அமுக்கி வைத்திருப்பார்கள். வருடக் கணக்கில் குலுங்கினால் போல்ட் தளரும், கேஸ்கெட் வழியே தண்ணீர் இறங்கும். ஏசியைச் சுற்றி வெளியே சீலன்ட் அப்பாதீர்கள். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி இல்லாமல் தேங்கும். உள்பக்க மூடியைக் கழற்றி, ஒரு அங்குலக் கேஸ்கெட் சுமார் அரை அங்குலமாக அமுங்கும் வரை போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சீராக இறுக்கினால் போதும். சில பேருக்குப் பூச்சுச் செலவே இதோடு மிச்சமாகும்.

இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். கூரை மேல் முழங்காலிட்டு ஊர்ந்தபடியே காற்றுப்போக்கிகளைச் சுற்றியும் ஓரங்களிலும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போங்கள். பலகை மெத்தென்று அமுங்கினால் அடியில் மரம் உளுத்துவிட்டது. அதன் மேல் எந்தப் பூச்சு அடித்தாலும் ஈரத்தை உள்ளே வைத்து மூடுவதுதான். அந்த இடத்தைப் பிரித்து, பலகையை மாற்றி, அதற்குப் பிறகுதான் பூச்சைப் பற்றிப் பேச வேண்டும்.

உங்கள் கூரை என்ன கூரை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் வாளி வாங்கியவர்கள்தான் அதிகம் வருந்துகிறார்கள். ஈபிடிஎம் என்பது ரப்பர். மேலே வெள்ளை, அடியில் கறுப்பு. வயதானால் சுண்ணாம்பு மாதிரி பொடி விடும். மழை பெய்ததும் டிரெய்லரின் பக்கவாட்டில் வெள்ளைக் கோடுகள் வழிந்திருந்தால் பெரும்பாலும் அதுதான். டிபிஓ என்பது பிளாஸ்டிக் வகை. வழவழப்பு அதிகம், பொடி குறைவு, அடிப்பக்கம் கறுப்பாக இருக்காது. பிவிசி விரிப்பும் சில வண்டிகளில் உண்டு. இவை தவிர ஃபைபர்கிளாஸ் கூரை, பழைய வண்டிகளில் அலுமினியக் கூரை. சந்தேகம் இருந்தால் கூரைக் காற்றுப்போக்கியின் உள்பக்கச் சட்டத்தைக் கழற்றுங்கள். வெட்டிய விளிம்பில் விரிப்பின் இரு பக்கமும் தெரியும். வண்டியின் விஐஎன் எண்ணை (வண்டியின் அடையாள எண்) கொடுத்துத் தயாரிப்பாளரிடம் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

ஃபைபர்கிளாஸ் கூரைக்கு நான் பூச்சே சொல்ல மாட்டேன். இணைப்புகளைச் சரிபார்த்து, கழுவி, மெழுகு போட்டால் போதும். டிபிஓ கறாரான ஆசாமி. அதன் மேல் எதுவும் சுலபத்தில் ஒட்டாது; அதற்கென்று சொல்லப்பட்ட பிரைமர் (முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) இல்லாமல் அடித்தால் ஒரு வருடத்தில் பாம்புச் சட்டை மாதிரி உரியும். இனி நான் சொல்வதில் பெரும்பகுதி ஈபிடிஎம் கூரையை மனதில் வைத்துத்தான், ஏனென்றால் எங்களுடையது அது. ஒரே ஒரு எச்சரிக்கை எல்லா ரப்பர் கூரைக்கும் பொதுவானது: தாரும் பெட்ரோலியம் கலந்த பொருள்களும் ஈபிடிஎம்மின் பக்கமே வரக் கூடாது. ரப்பர் அவற்றை உறிஞ்சி உப்பிவிடும். மாடி ஒழுகினால் தார் ஊற்றுவதைப் பார்த்து வளர்ந்த நமக்குக் கை முதலில் அங்கேதான் போகும்.

அக்ரிலிக்

மூன்றில் மலிவு இதுதான். தண்ணீரில் கரைத்த பூச்சு. நாற்றம் இல்லை, ரோலரைக் குழாயடியில் கழுவிவிடலாம், கையில் பட்டாலும் பிரச்சினை இல்லை. முதல் முறை செய்பவருக்குத் தப்பு செய்ய இடம் கொடுக்கும் பூச்சு. இரண்டு கோட் அடிக்க வேண்டும், முதல் கோட் நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டாவது.

பலவீனம் தேங்கும் தண்ணீர். கூரையில் மழைநீர் இரண்டு நாள் குட்டையாக நிற்கும் இடம் இருந்தால் அங்கே அக்ரிலிக் மெல்ல மெல்ல ஊறி, மென்மையாகி, கொப்புளம் விட்டுக் கிளம்பும். ஏசிக்குப் பின்னால் பள்ளம் விழுந்த பழைய கூரைகளில் இது சாதாரணம். அடுத்த பலவீனம் வானிலை. தண்ணீர் ஆவியானால்தான் இது காயும். ஹூஸ்டன் மாதிரி புழுக்கமான ஊரில் மாலை நான்கு மணிக்கு அடித்தால் இரவுப் பனி இறங்கிப் பாதி காய்ந்த பூச்சைப் பாலாக ஓடவிடும். கொளுத்தும் மதியத்தில் அடித்தாலோ மேலே ஆடை கட்டி உள்ளே ஈரம் சிக்கும். காலை வெயில் ஏறிப் பனி உலர்ந்ததும் தொடங்கி, மதியத்துக்குள் முடிக்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாத, அடுத்த 24 மணி நேரம் மழை இல்லாத நாளாகப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் அக்டோபர், நவம்பர்தான் சரி.

கட்டடக் கூரைக்கென்று விற்கும் வெள்ளை அக்ரிலிக்கும் ஆர்விக்கென்று விற்பதும் ஒன்றுதானே என்று கேட்பார்கள். குடும்பம் ஒன்றுதான். ஆனால் ஈபிடிஎம்முக்கு என்று வருவதோடு ஒரு கழுவும் திரவத்தையும் சேர்த்து விற்கிறார்கள். பழைய ரப்பரின் மேற்பரப்பைப் பூச்சு பிடித்துக்கொள்ளும்படி தயார் செய்வது அது. ஒட்டுவதில் பாதி வேலை அந்தத் திரவத்தில் இருக்கிறது. அங்கே காசை மிச்சம் பிடிக்காதீர்கள்.

சிலிக்கோன்

தண்ணீரில் நாள் கணக்கில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. வெயிலுக்கும் அசையாது. காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும் என்பதால் அக்ரிலிக்குக்குப் பகையான புழுக்கம் இதற்கு நட்பு. அடித்துச் சில மணி நேரத்தில் மழை வந்தாலும் பல தயாரிப்புகள் தாக்குப்பிடிக்கும். டாலஸில் இருக்கும் நண்பர் ஒருவர் தம் பழைய அலுமினியக் கூரை மோட்டார்ஹோமுக்கு இதைத்தான் அடித்தார். அவர் கூரை நடுவில் தொய்ந்து, மழைக்குப் பிறகு காக்கை குளிக்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். "அண்ணா, இனிமே பத்து வருஷத்துக்கு நான் மேல ஏறவே மாட்டேன்" என்றார். அவர் கூரைக்கு அது சரியான முடிவு, நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் சிலிக்கோன் ஒருவழிப் பாதை. அதன் மேல் சிலிக்கோனைத் தவிர வேறு எதுவும் ஒட்டாது. நாளை சோலார் பலகை வைக்க வேண்டும், புதுக் காற்றுப்போக்கி பொருத்த வேண்டும் என்றால் வழக்கமான லாப் சீலன்ட் பிடிக்காது, ஒட்டு டேப்பும் பிடிக்காது. பிறகு எப்போதாவது வேறு பூச்சுக்கு மாற நினைத்தால் மொத்தத்தையும் சுரண்டி எடுக்க வேண்டும். முழுக் கூரையில் அது ஆகிற காரியமில்லை.

இதன் சின்ன வடிவத்தை நான் அனுபவித்தேன். எனக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் குளியலறைக் காற்றுப்போக்கியைச் சுற்றிக் கடைச் சிலிக்கோனைப் பிதுக்கி அப்பியிருந்தார். அது தெரியாமல் ஓரமாகக் கொஞ்சம் அக்ரிலிக் தடவிப் பார்த்தேன். எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி முத்து முத்தாக விலகி ஓடியது. இரண்டடிச் சுற்றளவுதான். அதை ஹீட் கன்னால் லேசாகச் சூடு காட்டி, பிளாஸ்டிக் சுரண்டியால் ரப்பர் கிழியாமல் எடுக்க இரண்டு மாலை ஆனது. சுரண்டிய பிறகும் கண்ணுக்குத் தெரியாத படலம் மிஞ்சும். விரலால் தேய்த்தால் வழுக்குவதில் தெரியும்.

சிலிக்கோனுக்கு இன்னும் மூன்று குறை. நனைந்தால் பயங்கரமாக வழுக்கும். 11 அடி உயரத்தில் அது விளையாட்டில்லை. கிழியும் தன்மையும் அதிகம். ஓக் மரத்தடியில் நிறுத்துகிறவர்களுக்குத் தாழ்ந்த கிளை ஒரே இழுப்பில் நீளமாகக் கீறிவிடும். அழுக்கையும் இழுத்து வைத்துக்கொள்ளும். இரண்டு வருடத்தில் வெள்ளை சாம்பல் நிறமாகிவிடும். வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பி உள்ளே சூட்டைக் குறைப்பதுதான் டெக்சஸில் எங்களுக்குக் கிடைக்கும் பெரிய லாபம். அதில் கொஞ்சம் இப்படிக் கரையும்.

திரவ ரப்பர்

திரவ ஈபிடிஎம் என்று விற்பது இது. கூரை எதுவோ அதே பொருளை அதன் மேல் ஊற்றுகிறோம் என்பதால் கேட்கவே திருப்தியாக இருக்கும். ஊக்கியைச் சேர்த்து, டிரில்லில் கலக்கி மாட்டி, சொன்ன நிமிடக் கணக்குக்கு விடாமல் கலக்க வேண்டும். ஒரே கோட்தான், ஆனால் கனமான கோட்: ஒரு கேலன் 40 முதல் 45 சதுர அடிக்குத்தான் வரும். தண்ணீர் தேங்கினாலும் தாங்கும், வண்டியோடு சேர்ந்து நன்றாக வளையும், பழைய ஈபிடிஎம்மைக் கெட்டியாகப் பிடிக்கும்.

விலைதான் நெஞ்சை அடைக்கும்; கேலனுக்கு அக்ரிலிக்கைப் போலப் பல மடங்கு. கரைப்பான் நாற்றம் பலமானது, பக்கத்து வண்டிக்காரர் வந்து கேட்பார். இறுகுவது மெதுவாக, நாள் கணக்கில். குளிர்ந்த நாளில் இன்னும் இழுக்கும். அந்த நாள்களில் ஓக் இலையும் பூச்சியும் மகரந்தமும் வந்து விழுந்தால் அப்படியே பதிந்துவிடும். பழைய கூரையில் விரிப்புக்கும் பலகைக்கும் இடையிலுள்ள பசை பலவீனமாக இருந்தால் கரைப்பான் ஊடுருவிக் குமிழிகள் எழும்பலாம். பெரும்பாலானவை தானே அமுங்கிவிடும், சில நின்றுவிடும். கூரை நல்ல உடம்போடு இருந்து மேல்தோல் மட்டும் தேய்ந்திருந்தால், காற்றோட்டமான இடமும் ஒரு வாரக் காய்ந்த வானிலையும் கையில் இருந்தால், என் கணக்கில் மூன்றில் நீடித்து உழைக்கக்கூடியது இதுதான்.

இவை தவிர, வண்டியைக் கொண்டுபோய் விட்டால் கூரை முழுக்கப் பாலியூரியா என்ற கெட்டிப் பூச்சைத் தெளித்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். பல ஆயிரம் டாலர் ஆகும். பழைய வண்டிக்கு அந்தக் காசைப் போடுவதற்கு முன், புது ரப்பர் விரிப்பே மாற்ற என்ன ஆகும் என்று ஒரு விலை கேட்டுவிடுங்கள்.

கேலன் விலை ஏமாற்றும்

வாளியின் மேல் உள்ள விலையை வைத்து ஒப்பிடுவதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். அதை 100 சதுர அடியில் சீராகப் பரப்பினால் ஈரத்தில் கனம் 0.4 மில்லிமீட்டர். அக்ரிலிக்கில் ஏறக்குறைய பாதி ஆவியாகிப் போய்விடும். காய்ந்து நிற்பது 0.2 மில்லிமீட்டர். சிலிக்கோனில் ஆவியாவது மிகக் குறைவு, 0.4 போட்டால் கிட்டத்தட்ட 0.4 நிற்கும். ஆக அக்ரிலிக் இரண்டு கோட்டில் தருவதை சிலிக்கோன் ஒரே கோட்டில் தருகிறது. சிலிக்கோன் வாளி இரண்டு மடங்கு விலை என்றாலும் கூரையில் நிற்கும் பூச்சுக்கு விலை பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை.

எங்கள் டிரெய்லர் 27 அடி என்பது இழுவைக் கொக்கியையும் சேர்த்து. கூரை மட்டும் 24 அடிக்கு 8 அடி, 192 சதுர அடி. அக்ரிலிக் இரண்டு கோட்டுக்கு 4 கேலன். திரவ ரப்பர் என்றால் 5 கேலன் வரை. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு 2 கேலனில் முடித்துவிடலாம் என்று மெல்லிசாக இழுத்தால், அடித்த உழைப்பே வீண்.

ஒட்டுமா என்று முன்கூட்டிப் பார்க்க

எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் முழு வாளியைத் திறக்காதீர்கள். கூரையில் ஓரமாக ஒரு சாண் இடத்தை நன்றாகக் கழுவுங்கள். கழுவியது போதுமா என்று பார்க்கப் பழைய கறுப்பு டி-ஷர்ட் துணியால் காய்ந்த ரப்பரைத் தேயுங்கள். துணியில் வெள்ளைப் பொடி வந்தால் இன்னும் கழுவ வேண்டும். நான் மூன்று முறை கழுவினேன். முதல் முறை இறங்கிய தண்ணீர் பால் மாதிரி இருந்தது, மூன்றாவது முறைதான் தெளிந்தது. பிறகு அங்கே கொஞ்சம் பூச்சைத் தடவி, இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்த பருத்தித் துணிப் பட்டையை அதில் பதித்து, ஒரு முனையை ஒட்டாமல் வெளியே விட்டு, மேலே இன்னொரு தடவு. ஒரு வாரம் காயட்டும். அப்புறம் அந்த முனையைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கி இழுங்கள். பூச்சு ரப்பரை விட்டுச் சுத்தமாக உரிந்து வந்தால் ஒட்டவில்லை. துணி நைந்தோ பூச்சு தனக்குள்ளேயே கிழிந்தோ வந்தால், பயப்படாமல் அடிக்கலாம்.

நான் இரண்டு பட்டை வைத்தேன். சோப்பு மட்டும் போட்டுக் கழுவிய இடத்தில் ஒன்று, அந்தத் தயார் செய்யும் திரவம் தேய்த்த இடத்தில் ஒன்று. முதல் பட்டை ஸ்டிக்கர் மாதிரி 'சர்'ரென்று வந்துவிட்டது. இரண்டாவதை இழுக்கும்போது ஏணிப் பக்கம் காலை ஊன்றிக்கொள்ள வேண்டியிருந்தது; துணியின் நூல்கள் பூச்சிலேயே தங்கிவிட்டன. அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தைரியம் வந்தது.

நாங்கள் எடுத்த முடிவு அக்ரிலிக். கூரையில் தண்ணீர் தேங்கும் இடம் இல்லை. அடுத்த வருடம் இரண்டு சோலார் பலகை வைக்கும் எண்ணம் இருப்பதால் சிலிக்கோன் வேண்டாம் என்று ஆனது. திரவ ரப்பரின் மேல் ஆசை இருந்தது. ஆனால் எங்கள் குடியிருப்புச் சங்கம் வீட்டு வாசலில் டிரெய்லர் நிறுத்த விடாது. வாடகைக்கு எடுத்த திறந்த நிறுத்துமிடத்தில்தான் வேலை. நெருக்கி நெருக்கி வண்டிகள் நிற்கும் அந்த இடத்தில் அவ்வளவு நாற்றத்தோடு ஒரு வாரம் காய விடுவது மற்றவர்களுக்குச் செய்யும் தொந்தரவு. அங்கே தண்ணீர்க் குழாயும் கிடையாது. வீட்டிலிருந்து ஆறு கேன் நிரப்பிக் கொண்டுபோனோம்.

முதலில் முன்விளிம்பின் வெடித்த சீலன்ட்டைச் சுரண்டி, பட்டைக்கு மேல் அகலமான ஒட்டு டேப்பை உருளையால் அழுத்தி ஒட்டினேன். சமதளத்தில் தானே பரவும் சீலன்ட், செங்குத்தான ஓரத்தில் வழியாத வகை. இரண்டையும் மாற்றிப் போட்டால் ஓரத்திலிருந்து ஒழுகி ஜன்னல் வரை வரும். டப்பாவில் சொன்ன நாள் வரை அது இறுகக் காத்திருந்து, அப்புறம்தான் பூச்சு. முதல் கோட்டைப் பின்னாலிருந்து முன்னால், இரண்டாவதைக் குறுக்காக. என் மனைவி கீழே நின்று ஒவ்வொரு வரிசைக்கும் எவ்வளவு வாளியில் குறைகிறது என்று குறித்துக்கொண்டே வந்தாள். மெல்லிசாக இழுக்கிறேனா என்று எனக்குத் தெரிந்தது அந்தக் குறிப்பிலிருந்துதான்.

அதற்குப் பிறகு இரண்டு பெரிய மழை பார்த்தாயிற்று. மூலையில் புதுப் பலகை போட்ட இடம் காய்ந்து கிடக்கிறது. உள்ளே அலமாரிக் கதவின் பின்புறம் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன்: கூரை ஈபிடிஎம், மேலே அக்ரிலிக் இரண்டு கோட், அடித்த மாதம், வாங்கிய பொருளின் பெயர், குளியலறைக் காற்றுப்போக்கி பக்கம் பழைய சிலிக்கோன் இருந்து எடுத்த இடம். நாளை இந்த வண்டியை வாங்குகிறவர் எந்த வாளியைத் திறப்பது என்று என்னைப் போல இருட்டில் தேட வேண்டியதில்லை.